தராசுக்குள் இருக்கும் கணக்கு

நாங்கள் தோட்டத்து லயக் காம்பராக்களில் பிறந்து வளர்ந்து, இன்று கொழும்பில் கணினி முன்னால் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிற சிலர். ஒருவர் மஸ்கெலியாப் பக்கம், ஒருவர் பண்டாரவளை, இன்னொருவர் இறக்குவானை. வேலை செய்யும் கம்பனிகளும் வேறு வேறு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வரும்போது மட்டும் எங்கள் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்படுகிறது. "தம்பி, இந்த மெசின் தராசு சரியாத்தான் நிறுக்குதா?" அடுத்தது, "இனி எல்லாத்துக்கும் கம்பியூட்டர்னு சொல்றாங்களே, எங்க வேலை என்ன ஆகும்?" ஒரு வரியில் இதற்குப் பதில் சொல்லிவிட முடியவில்லை. அதனால்தான் சங்கத்தின் இந்தப் பத்திரிகையில் எழுதுகிறோம்.

முதலில் எங்கள் வேலையைப் பற்றி. வெள்ளைச் சட்டை, குளிரூட்டிய அறை, கணினி என்றதும் அது வேறு உலகம் என்று அம்மாமார் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேயும் காலையில் பிரட்டு உண்டு. ஒன்பதரை மணிக்கு எல்லோரும் வரிசையாக நின்று, நேற்று என்ன முடித்தோம், இன்று என்ன முடிப்போம் என்று சொல்ல வேண்டும். கேட்டுக்கொண்டு நிற்பவர் கங்காணி இல்லை, 'டீம் லீட்'. ஒவ்வொரு நாளும் எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் செலவிட்டோம் என்று கணினியில் பதிய வேண்டும். அந்த மணிகளைக் கூட்டித்தான் இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ இருக்கும் வாடிக்கையாளருக்கு எங்கள் கம்பனி டொலரிலோ பவுணிலோ பில் அனுப்புகிறது. ஒரு மணித்தியாலத்துக்கு அங்கே எவ்வளவு அறவிடுகிறார்கள் என்பது எங்களுக்குச் சொல்லப்படுவதில்லை. செக்ரோல் என்ற பெயர் மட்டும்தான் இல்லை.

ஆக நாங்களும் நீங்களும் செய்வது ஏற்றுமதித் தொழில்தான். எங்கள் வேலை கம்பி வழியாகப் போகிறது, உங்கள் கொழுந்து தூளாகிக் கப்பலில் போகிறது. இரண்டுக்கும் காசு வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. 2023ஆம் ஆண்டில் தேயிலை ஏற்றுமதியால் மட்டும் நாட்டுக்கு வந்தது சுமார் 130 கோடி டொலர்.

இந்த ஒற்றுமை எங்களுக்கு உறைத்தது 2022இல். அந்த ஆண்டின் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. அரிசி, மண்ணெண்ணெய், பால்மா எல்லாம் என்ன ஆயின என்று உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அப்போது கொழும்பில் பல மென்பொருள் கம்பனிகள் ஒரு முடிவெடுத்தன. ஊழியர்களின் சம்பளத்தை, முழுவதுமாகவோ ஒரு பகுதியையோ, டொலரோடு கட்டிவிட்டன. டொலர் ஏறினால் சம்பளமும் ஏறும். எங்களில் சிலருக்கும் அது கிடைத்தது. கம்பனியின் வருமானம் டொலரில் வருகிறது, ரூபா விழுந்த இலாபத்தை அவர்கள் மட்டும் வைத்துக்கொள்வது நியாயமில்லை என்று அங்கே எல்லோரும் சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். அதை யாரும் புரட்சி என்று சொல்லவில்லை.

அதே மாதங்களில் தேயிலைக்கும் அதேதான் நடந்தது. கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தூளின் சராசரி விலை 2021இல் 600 ரூபாவைச் சற்றுத் தாண்டி இருந்தது. 2022இல் 1,200 ரூபாவுக்கு மேல் போனது. ரூபாவில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாட்சம்பளம்? 2021 மார்ச்சில் வந்த 1,000 ரூபா அப்படியே நின்றது. 1,350 ரூபா ஆனது 2024 செப்டம்பரில்தான். நடுவில் மூன்றரை வருடம். மகனுடைய சம்பளம் டொலரோடு ஏற, அதே டொலரை உழைக்கும் தாயின் சம்பளம் ரூபாவிலேயே கட்டிப்போடப்பட்டிருந்தது. ஒரே வீட்டுக்குள் நடந்த கதை இது. பலமுறை இதைப் பற்றிப் பேசிவிட்டோம், இன்னும் ஆறவில்லை.

கம்பனிகளுக்கும் ஒரு பக்கம் உண்டு. உரம் தடைசெய்யப்பட்ட 2021ஆம் ஆண்டுக்குப் பிறகு கொழுந்து விழுந்துவிட்டது. 2022இல் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 25 கோடி கிலோவாகக் குறைந்தது. 2013இல் 34 கோடி கிலோ எடுத்த நாடு இது. எண்ணெய், மின்சாரம், உரம் எல்லாவற்றின் விலையும் ஏறியது. செலவு கூடியது பொய்யில்லை. ஆனால் செலவு கூடியதைக் காட்டும் தாள் பேச்சுவார்த்தை மேசைக்கு வருகிறது, வருமானம் கூடியதைக் காட்டும் தாள் வருவதில்லை. மென்பொருள் கம்பனிகளுக்கும் செலவு கூடத்தான் செய்தது.

பிறகு ஏன் எங்களுக்கு ஒரு நியாயம், அம்மாவுக்கு ஒரு நியாயம்? படித்த வேலை, படிக்காத வேலை என்று சிலர் சொல்வார்கள். அது சரியான பதில் இல்லை. மழையில், சரிவில், அட்டைக்கடியில் நின்று இரண்டு இலையும் மொட்டுமாக ஒரு நாளில் 18 கிலோ எடுக்கும் விரல்களின் வேகத்தை எந்தப் பட்டப்படிப்பும் தராது. எங்களுக்குக் கிடைத்ததற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, எங்களால் நாளைக்கே அந்த வேலையை விட்டு அடுத்த கம்பனிக்குப் போக முடியும். அந்த ஆண்டில் பலர் நாட்டைவிட்டே போனார்கள், முதலாளிக்கு அந்தப் பயம் இருந்தது. வேலையை விட்டால் எங்கள் வாடகை அறை பறிபோகாது. தோட்டத்தில் லயக் காம்பராவும் வேலையும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருக்கின்றன. இரண்டாவது, எங்களுக்குக் கணக்கு ஓரளவு தெரியும். வாடிக்கையாளர் எந்த நாட்டுக்காரர், எந்தக் காசில் கட்டுகிறார், அன்றைய டொலர் விலை என்ன என்பதெல்லாம் அலுவலகத்தில் வேலை செய்கிறவனுக்குத் தெரியும். கணக்குத் தெரிந்தவனிடம் 'காசு இல்லை' என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

முதலாவது காரணத்தை, அதாவது காணியும் வீடும் சொந்தமாவதை, சங்கங்கள் நெடுங்காலமாகப் பேசி வருகின்றன. இரண்டாவதைப் பற்றித்தான் நாங்கள் இங்கே எழுத விரும்புகிறோம். ஏனென்றால் இப்போது தோட்டத்துக்குள் வந்துகொண்டிருக்கும் தொழில்நுட்பம் முழுவதும் கணக்கைப் பற்றியதுதான்.

உலகமயமாக்கல் என்ற சொல்லைத் தொலைக்காட்சியில் புதிதாக வந்த ஒன்றைப் போலப் பேசுகிறார்கள். நமக்கு அது எப்போது புதிதாக இருந்தது? இந்தியக் கிராமங்களிலிருந்து நம் முன்னோரைக் கோப்பிக்குக் கூட்டி வந்ததே உலகச் சந்தைதான். 1869இல் கோப்பி இலையில் பூஞ்சண நோய் வந்தது. சில வருடங்களில் கோப்பி அழிந்து, ஜேம்ஸ் டெயிலர் 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலையெல்லாம் ஏறியது. கொழும்பில் தேயிலை ஏலம் தொடங்கியது 1883இல். லண்டன் ஏலம் 1998இல் மூடப்பட்டது. இடையில் 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாயின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. ஒவ்வொரு முறையும் துரைமார் மாறினார்கள், புத்தகம் மாறியது, கணக்கு எழுதும் முறை மாறியது. கொழுந்து எடுக்கிறவர் அந்தப் புத்தகத்தை விரித்துப் பார்க்கும் நிலை மட்டும் வரவில்லை.

இன்றைய சங்கிலி இன்னும் நீளமானது. நம் தூளை அதிகமாக வாங்குவது ஈராக், ரஷ்யா, துருக்கி, வளைகுடா நாடுகள். உக்ரேனில் சண்டை தொடங்கினால் அதன் அதிர்ச்சி கொழும்பு ஏலத்துக்கு வருகிறது. ஈரானிடம் எண்ணெய் வாங்கிய 25 கோடி டொலர் கடனைத் தேயிலையாகக் கொடுத்துத் தீர்க்க 2021 டிசம்பரில் அரசு உடன்பாடு செய்தது. நாட்டின் எண்ணெய்க் கடனை அடைக்கும் பெறுமதி நம் கொழுந்துக்கு இருக்கிறது என்பதை அரசாங்கமே எழுதிக் கையெழுத்திட்ட நாள் அது. சம்பளப் பேச்சில் இதை யாராவது ஞாபகப்படுத்தினார்களா?

ஏலமும் மாறிவிட்டது. 2020இல் கொரோனா காலத்தில் ஊரடங்கு வந்தபோது, நூற்று முப்பது வருடங்களுக்கு மேலாக மண்டபத்தில் கூவி விற்ற ஏலம் கணினிக்குள் போனது. சில நாட்களுக்குள் ஏற்பாடு செய்து முடித்தார்கள். இன்று வாங்குபவர் தன் அலுவலகத்திலிருந்தே திரையைப் பார்த்து விலை கேட்கிறார். எங்கள் தொழிலில் உள்ளவர்களுக்கு இதில் ஒரு பாடம் தெரிந்தது. தேவைப்பட்டால், விருப்பம் இருந்தால், கணினி வேலையை மிக விரைவாகச் செய்து முடிக்க முடியும். தொழிலாளிக்குச் சம்பளத் துண்டைத் தமிழில் அச்சடித்துக் கொடுப்பது தொழில்நுட்பத்துக்கு முடியாத காரியம் என்று இனி எந்தக் கந்தோரும் சொல்ல முடியாது.

இப்போது தராசுக்கு வருவோம்.

மடுவத்தில் முன்பு நிறுத்தது தொங்கு தராசில். முள் எங்கே நிற்கிறது என்பதை நிறுப்பவரும் பார்த்தார், பின்னால் நின்ற அக்காவும் எட்டிப் பார்த்தார். சாக்குக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை, முற்றல் இலைக்கு இத்தனை என்று கழித்தார்கள். கழித்தது அநியாயமாக இருந்தால் அங்கேயே வாய்ச்சண்டை வந்தது. சில இடங்களில் அந்தச் சண்டை வேலைநிறுத்தமாகவும் ஆனது. இப்போது பல தோட்டங்களில் வந்திருக்கும் டிஜிட்டல் தராசு என்ன செய்கிறது? கூடையையோ சாக்கையோ கொளுவியதும் நிறையை எண்ணாகக் காட்டுகிறது. அந்த எண், நிறுப்பவர் கையில் இருக்கும் போன் மாதிரியான சிறு கருவிக்குப் போகிறது. தொழிலாளியின் அட்டையோ இலக்கமோ அதில் பதியப்படுகிறது. அங்கிருந்து தோட்டக் கந்தோருக்கும், பிறகு கொழும்புத் தலைமையகக் கணினிக்கும் போகிறது. இது நல்ல விடயம்தான். தராசு தன்பாட்டில் பொய் சொல்லாது. நிறுப்பவர் கையால் எழுதும்போது வந்த பிழைகள் குறையும். சொந்தக்காரருக்கு ஒரு கிலோ கூடவும், வாயாடிக்கு ஒரு கிலோ குறையவும் எழுதிய காலம் போகும்.

ஆனால் நாங்கள் இப்படிப்பட்ட மென்பொருள்களை எழுதுகிறவர்கள். உள்ளே என்ன இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கழிவு என்பது அங்கே ஒரு பெட்டிக்குள் போடும் எண். அமைப்புப் பக்கத்தில் ஒருவர் '2' என்று தட்டி வைத்தால் அன்றிலிருந்து எல்லோருக்கும், ஒவ்வொரு நிறுவையிலும், இரண்டு கிலோ தானாகக் கழியும். யாரும் வாய் திறந்து சொல்ல வேண்டியதில்லை. திரையில் கழித்த பிறகு வரும் நிறையை மட்டும் காட்டும்படி வைத்தால், கழித்தது நடந்ததே தெரியாது. முன்பு வாயால் சொல்லிக் கழித்ததைத் தொழிலாளி காதால் கேட்டார். இப்போது அது தராசுக்குள் போய் ஒளிந்துகொள்ள வழி இருக்கிறது.

இன்னொன்று, சில்லறை. 14.8 கிலோ நிறுத்தால் அதை 15 என்று பதிவதா, 14.8 என்றே பதிவதா, 14 என்று வெட்டிவிடுவதா? இதுவும் மென்பொருளுக்குள் எழுதும் ஒரு வரிதான். வெட்டிவிடும் வழியை எடுத்தால் ஒரு நிறுவைக்குச் சராசரியாக அரைக் கிலோ போகும். நாளைக்கு மூன்று நிறுவை, மாதத்துக்கு 25 நாள் என்று வையுங்கள். முப்பத்தேழரைக் கிலோ. 18 கிலோ நோர்ம் உள்ள தோட்டத்தில் அது ஒருவருடைய இரண்டு நாள் கொழுந்து. ஒரு டிவிசனில் இருநூறு பேர் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எந்தத் தோட்டத்திலும் இப்படி நடக்கிறது என்று நாங்கள் குற்றம் சாட்டவில்லை. நடந்தால் கண்டுபிடிக்க வழி இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம். 17.6 கிலோ எடுத்தவருக்கு 17 என்று விழுந்து, அதனால் அரைப்பேர் ஆனால், அது சில்லறை விடயமா?

மூன்றாவதுதான் எங்களை அதிகமாக உறுத்துவது. கணினியில் பதிந்ததைப் பிறகு மாற்ற முடியும். புத்தகத்தில் மாற்றினால் வெட்டிய கோடு தெரியும், மை வித்தியாசம் தெரியும். கணினியில் எந்த அடையாளமும் இருக்காது, அடையாளம் வைக்கும்படி அதை எழுதினால் ஒழிய. வங்கிகளுக்கு நாங்கள் மென்பொருள் எழுதும்போது, எந்த எண்ணை யார், எந்த நேரத்தில், எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்பதைத் தனியாகப் பதிந்து வைக்காவிட்டால் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளவே மாட்டார்கள். வங்கியில் ஒரு ரூபாவுக்குச் செய்யும் காவலை மடுவத்தில் ஒரு கிலோவுக்குச் செய்யக் கூடாதா? இதற்குப் பெரிய செலவில்லை. கேட்டால் செய்து தரக்கூடிய வேலை. இதுவரை கேட்கவில்லை என்பதுதான் விடயம்.

ஆகவே டிஜிட்டல் தராசு வருகிறது என்றால் எதிர்க்க வேண்டாம். அதோடு ஒரு சிறு துண்டு வர வேண்டும் என்று கேளுங்கள். பஸ் டிக்கட் மாதிரி. அதில் மொத்த நிறை, கழித்த நிறை, கழித்ததற்குக் காரணம், மீதி நிறை எல்லாம் தமிழில் இருக்க வேண்டும். துண்டு அச்சடிக்க முடியாத இடத்தில் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். கழிவு எத்தனை என்பதைக் கம்பனியும் சங்கமும் கூடித் தீர்மானித்து மடுவத்துச் சுவரில் ஒட்ட வேண்டும். அந்த எண்ணை மாற்றினால் தோட்டக் கமிட்டித் தலைவருக்குத் தெரிய வேண்டும்.

பெயர் விடயத்தையும் சொல்லிவிடுகிறோம். இது சின்னதாகத் தெரியும், கடைசியில் பெரிதாக அடிக்கும். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் இராமாய், பிறப்புச் சான்றிதழில் ஆங்கிலத்தில் வேறொன்று. கந்தோரில் இருக்கும் ஐயாவுக்கு இது ஒரே ஆள் என்று தெரியும். கணினிக்குத் தெரியாது. அதற்கு ஓர் எழுத்து மாறினால் வேறு ஆள். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழிலாளியின் 8 வீதமும் தோட்டத்தின் 12 வீதமும் மாதாமாதம் போக வேண்டும், நம்பிக்கை நிதிக்குத் தோட்டம் 3 வீதம் கட்ட வேண்டும். அந்தக் காசு எந்தப் பெயரில், எந்த அடையாள அட்டை இலக்கத்தில் போகிறது என்பதை ஓய்வு பெறும் நாளில் பார்ப்பதில் பயனில்லை. எல்லாம் கணினிக்குப் போகும் இந்த நேரத்தில்தான் திருத்த வேண்டும். உங்கள் வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தாள்களையும் ஒன்றாக வைத்துப் பெயரையும் இலக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

மெசின் வந்தால் வேலை போகுமா என்ற கேள்விக்குக் கென்யாவைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கென்யா ஆண்டுக்கு 50 கோடி கிலோவுக்கு மேல் தேயிலை எடுக்கும் நாடு. அங்கே கெரிச்சோ பகுதியின் பெரிய தோட்டங்களில் கொழுந்து வெட்டும் எந்திரங்கள் வந்தன. ஒரு எந்திரம் பல பேருடைய வேலையைச் செய்தது. அங்குள்ள தொழிற்சங்கம் பல வருடம் நீதிமன்றத்தில் வழக்காடியது. 2023 மே மாதத்தில் கோபம் வெடித்து எந்திரங்களுக்குத் தீ வைக்கப்பட்டது. அதே 2023இல் இன்னொன்றும் நடந்தது. அங்கே ஜேம்ஸ் பின்லே கம்பனிக்கு இருந்த தேயிலைத் தோட்டங்களை வாங்கியது நம் நாட்டுக் கம்பனி, பிரவுன்ஸ். வெள்ளைக்காரர் இங்கே வந்து தோட்டம் வாங்கிய காலம் போய், கொழும்புக் கம்பனி ஆபிரிக்காவில் தோட்டம் வாங்கும் காலம் இது. மூலதனம் அவ்வளவு எளிதாகக் கடல் தாண்டுகிறது. கெரிச்சோவில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கும் நம் அக்காமாருக்கும் நடுவில் ஒரு கடிதப் போக்குவரத்துக்கூட இல்லை. முதலாளி ஒருவராக இருக்கக்கூடிய இடத்தில் தொழிலாளர் ஒருவரையொருவர் அறியாமல் இருப்பது சங்கங்கள் யோசிக்க வேண்டிய விடயம்.

கென்யாவின் மேட்டுச் சமநிலத்தில் ஓடும் எந்திரம் நம் சரிவுகளில் ஓடாது என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். பெரிய எந்திரம் ஓடாதுதான். கையில் பிடிக்கும் சிறு மெசினும் கத்தரியும் ஏற்கனவே வந்துவிட்டன. இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. நம் பிள்ளைகள் மலைக்கு வர விரும்பவில்லை. 1992இல் இருந்த தொழிலாளர் தொகையில் பாதிக்கும் குறைவானவர்களே இன்று தோட்டப் பதிவில் இருக்கிறார்கள். நாங்களே போய்விட்டவர்கள், போகாதே என்று மற்றவருக்குச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆள் குறையும்போது மெசின் வரத்தான் செய்யும். மெசினால் ஒருவர் இரண்டு பேரின் கொழுந்தை எடுத்தால், மீதமாகும் காசில் அவருக்கு எவ்வளவு? மெசினின் பாரமும் அதிர்வும் முதுகுக்கும் கைக்கும் என்ன செய்யும், அதற்கு மருத்துவம் யார் பார்ப்பது? மெசின் வந்த பிறகு நோர்ம் ஏறுமா? இதையெல்லாம் மெசின் இறங்குவதற்கு முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். இறங்கிய பிறகு பேசுவதில் பலமில்லை.

நம் தேயிலைக்கு உலகத்தில் இன்னும் பெயர் இருக்கிறதென்றால் அது கையால் எடுத்த நல்ல கொழுந்துக்காகத்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெட்டியில் சிங்கச் சின்னத்தைப் போட்டு, புன்னகைக்கும் கொழுந்துப் பெண்ணின் படத்தையும் போட்டு விற்கிறார்கள். அந்தக் கைக்கு உரிய பங்கு எங்கே என்று கேட்பது வியாபாரத்துக்குக் கெடுதல் இல்லை.

இப்போது கம்பனிகள் நாட்சம்பளத்தை விட்டுவிட்டு வேறு முறையைப் பேசுகின்றன. செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துத் தருகிறோம், நீங்கள் பராமரித்துக் கொழுந்தை எங்களுக்கே விற்றுவிடுங்கள் என்கிறார்கள். சில தோட்டங்களில் நடைமுறையிலும் இருக்கிறது. இது நல்லதா கெட்டதா என்று சங்கங்களுக்குள்ளேயே வேறுபட்ட கருத்து உண்டு. எங்கள் அபிப்பிராயம், விலையை எப்படிப் போடுகிறார்கள் என்று தெரியாமல் இதற்குத் தலையாட்டவே கூடாது என்பதுதான். சொந்தக் காணியில் தேயிலை வைத்திருக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. அவர்களுடைய கொழுந்தை வாங்கும் தொழிற்சாலை, ஏலத்தில் தனக்குக் கிடைத்த சராசரி விலையில் 68 வீதத்தைக் கொழுந்து கொடுத்தவருக்கும் 32 வீதத்தைத் தனக்கும் பிரிக்க வேண்டும். ஏலத்தில் விலை ஏறினால் கொழுந்து விலையும் ஏறும். டொலர் ஏறியபோது எங்கள் சம்பளம் ஏறியதே, அந்த மாதிரி. தோட்டக் குடும்பத்துக்குச் செடியைத் தருகிறோம் என்கிறவர்கள் அந்தச் சூத்திரத்தையும் தருவார்களா? கிலோவுக்கு இத்தனை ரூபா என்று நிலையாகக் கட்டிவிட்டால், அது நாட்சம்பளத்தைவிட மோசமாகப் போகலாம். மழை இல்லாத மாதத்தின் நட்டம் குடும்பத்துக்கு, ஏலம் ஏறிய மாதத்தின் இலாபம் கம்பனிக்கு. சேமலாப நிதியும் அதோடு போய்விடுமா என்பதை எழுத்தில் கேட்க வேண்டும்.

எங்கள் எதிர்காலத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் பிள்ளையைக் கம்பியூட்டர் படிக்க வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நகையை அடகு வைக்கிறீர்கள். செயற்கை நுண்ணறிவு எங்கள் வேலைக்குள்ளும் வந்துவிட்டது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முன்பு கொடுத்த சின்னச் சின்ன வேலைகளை இப்போது கணினியே எழுதுகிறது. மலையில் மெசின் வந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் யோசிப்பதை நாங்கள் கண்ணாடிச் சுவருக்குள் இருந்து யோசிக்கிறோம். எங்களுக்குச் சங்கமும் இல்லை. படிக்க வையுங்கள், நிச்சயமாக. ஆங்கிலமும் கணிதமும் எங்கே போனாலும் உதவும். ஆனால் பெயர்ப்பலகை மட்டும் வைத்திருக்கும் வகுப்புகளுக்கு இலட்சக்கணக்கில் கட்டுவதற்கு முன், அங்கே படித்த எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். எங்களில் யாரையாவது தொலைபேசியில் அழைத்தாலும் விசாரித்துச் சொல்வோம். தோட்டத்துப் பாடசாலைகளில் உயர்தர விஞ்ஞான, கணிதப் பிரிவுகளுக்குத் தமிழில் கற்பிக்கும் ஆசிரியர்கள் போதாமல் இருப்பது இதைவிடப் பெரிய பிரச்சினை. அதற்காகக் குரல் கொடுப்பதும் சங்கத்தின் வேலைதான்.

கடைசியாக, நாங்கள் செய்யக்கூடியது. கொழும்பு ஏலம் பெரும்பாலும் செவ்வாயும் புதனும் நடக்கிறது. ஒவ்வொரு தொழிற்சாலையின் தூளும் அதனதன் பெயரிலேயே விற்கப்படுகிறது. தரகர் கம்பனிகள் வாராவாரம் அறிக்கை வெளியிடுகின்றன, எந்த மலைக்கு என்ன விலை போனது என்று அதில் இருக்கும். எல்லாம் ஆங்கிலத்தில். அதைப் படித்து, நுவரெலியா, டிம்புள்ள, ஊவா, சப்ரகமுவ என்று பிரித்து, தமிழில் ஒரு பக்கமாக எழுதித் தர நாங்கள் தயார். சங்கம் விரும்பினால் அடுத்த இதழிலிருந்தே தொடங்கலாம். சம்பள நிர்ணய சபைக்கோ கம்பனியோடு பேசவோ போகிறவர்கள் அதைக் கையில் கொண்டு போகட்டும். தராசுத் துண்டு கொடுக்கும் தோட்டங்கள் எவை, கொடுக்காதவை எவை என்று தோட்டக் கமிட்டித் தலைவர்கள் எழுதி அனுப்பினால் அதையும் ஒரு பட்டியலாகப் போட்டுத் தருகிறோம். துண்டு கிடைத்தால் எறிந்துவிடாதீர்கள். சம்பளம் போடும் நாள் வரை அரிசி டின்னிலாவது போட்டு வையுங்கள்.